இருக்குது

கச்சேரியின் இரண்டாம் மாடி.
கதிரை போதாமல் கொஞ்சப்பேர் படியில்.
எனக்கு மேசையின் ஒடுங்கிய பக்கம்.
இடப்புறம் விசாரிக்கிற மூவர்,
வலப்புறம் ஒருவர் எழும்ப ஒருவர்.
ஒலிவாங்கி ஒன்றுதான்.
அதை அங்கும் இங்கும் தள்ளுவதும்
என் சம்பளத்துக்குள் அடக்கம்.
ஐயோ மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்று.
அது வரும்போது என்னை யாரும் பார்ப்பதில்லை.

சிங்களம் எனக்குப் பொல்காவலையில் வந்தது.
அப்பா புகையிரத நிலையத்தில் பார்சல் கிளார்க்.
மல்காந்தியோடு கெந்தித்தொட்டு விளையாடி
எக்க, தெக்க, துன என்று பழகிய நாக்கு
இன்றைக்கும் திருநெல்வேலிச் சந்தையில்
மிச்சக் காசை எண்ணும்போது
அந்தப் பக்கமாய்த்தான் ஓடும்.
வெண்டிக்காய்க்காரி ஒருநாள் நிமிர்ந்து பார்த்தாள்.
அன்றிலிருந்து உதட்டை மூடிக்கொண்டு எண்ணுகிறேன்.

எண்பத்து மூன்றில்
கப்பலால் காங்கேசன்துறையில் இறங்கியபோது
எனக்குப் பதினொரு வயது.
"இனி அதைக் கதைக்கக் கூடாது" என்றார் அப்பா.
கதைக்கவில்லை.
இருபத்தாறு வருசம்
உப்பில் போட்ட மாங்காய்போல் உள்ளே கிடந்தது.
சாடியைத் திறந்தபோது
விலை ஏறியிருந்தது.

நாற்பதாம் இலக்கம். இராசபூபதி, குடத்தனை.
பிளாஸ்டிக் உறைக்குள் மகனின் படம்.
ஓரத்தால் நீர் புகுந்து ஒரு காது அழிந்திருந்தது.
கேள்வி சிங்களத்தில் நீளமாய் வந்தது,
மரியாதைகளோடு, சுற்றுநிருப இலக்கத்தோடு.
தமிழில் அது இவ்வளவுதான்:
இறப்பு அத்தாட்சிப் பத்திரம் எடுக்கச் சம்மதமோ?

"என்ர பிள்ளை இருக்குது."

மூன்று சொல்.
மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் மொழிபெயர்க்கும்.
ஆனால் தமிழில்
மேசையும் இருக்குது, கடனும் இருக்குது,
மழைக்குணம் இருக்குது, பிள்ளையும் இருக்குது.
சிங்களத்தில் அப்படி ஒன்றாய்ப் போட்டுக் கட்ட விடமாட்டார்கள்.
உயிர் உள்ளதென்றால் இன்னவா.
இல்லாததென்றால் தியெனவா.
நுளம்பு இன்னவா. குடை தியெனவா.
காலையில் இன்னவா என்ற மனிதர்
மூச்சு நின்று வெள்ளை போர்த்தினால்
பிரேதம், தியெனவா.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் தேடினேன்.
பொல்காவலை முழுக்கத் தேடினேன்,
தண்டவாள ஓரம், மல்காந்தி வீட்டுக் குசினி.
மூவரும் பேனையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.
மின்விசிறி படத்தின் உறையைத்
தூக்கித் தூக்கிப் போட்டது.

"இன்னவா" என்றேன்.

"கொஹெத?" என்றார் தலைவர்.
எங்கேயாம், என்று வலப்புறம் திரும்பினேன்.
"அதைத்தானே பிள்ளை நாங்கள் கேக்கிறம்."
அதையும் சொன்னேன்.
'பிள்ளை' என்றது எனக்கு.
அதை மட்டும் கொடுக்கவில்லை.

தேத்தண்ணி நேரம் குழாயடியில் நின்றேன்.
பின்னால் வந்து கையைப் பிடித்தார்.
"இன்னவா எண்டு சொன்னனீர். கேட்டது."
உங்களுக்குச் சிங்களம் தெரியுமோ, அம்மா?
"அது ஒண்டுதான்.
பூசா, வெலிக்கடை, நாலாம் மாடி,
வாசலுக்கு வாசல் 'இன்னவாத, இன்னவாத' எண்டு
ஒன்பது வருசமாய்க் கேக்கிறன்."
கொஞ்சம் நின்று,
"'நே' எண்டாலும் விளங்கும்" என்றார்.

குழாய் இறுகப் பூட்டவில்லை, சொட்டிக்கொண்டிருந்தது.
என் தமிழும் சிங்களமும்
அவருடைய அந்த ஒரு சொல்லுக்கு
எழும்பி இடம் விட்டன.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மணி அடித்தது.

மேலே வந்து
ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்தேன்.
"நாற்பத்தொன்று."
பிறகு, எழுதுகிறவருக்காக,
"ஹதலிஸ் எக்க."